இட்லிப் பானையில் கோயில் மணி

ஐப்பசி பிறந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டும் தூவானம் விடாத காலை ஏழு மணிக்கு, ஈச்சங்குடிக் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் மணியின் சத்தம் கோபுரத்தை விட்டு இறங்கி, குளத்தைத் தாண்டி, கீழத்தெரு முப்பிடாதியின் இட்லிப் பானைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மணி போகவில்லை, அது பழைய இடத்திலேயேதான் தொங்கியது. கயிறும் போகவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த தங்கையாவும் எங்கேயும் போகவில்லை. சத்தம் மட்டும்தான் வீடு மாறியது.

அந்த நேரத்தில், வீட்டில் இட்லி அவித்து விற்கிற முப்பிடாதி இரண்டாவது ஈடு இட்லியை வைத்து மூடி, அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். பானைக்குள்ளிருந்து டாங் என்றது. வேறொருத்தியாக இருந்தால் என்ன சத்தம் வந்தாலும் வரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாள், ஏனென்றால் இட்லி வேகும்போது பாதியில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், திறந்தால் ஒரு ஈடும் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். ஆனால் முப்பிடாதிக்கு மூடியிருப்பது எதுவானாலும் திறந்து பார்த்தாக வேண்டும். ஐந்து வயதில் பாம்பாட்டியின் கூடையைத் திறந்து பள்ளிக்கூடத்துக்கே அரைநாள் லீவு வாங்கிக் கொடுத்தவள். அடைகோழியின் கூடையைத் தினமும் திறந்து பார்த்துப் பார்த்து, 'என் பிழைப்பில் மண்ணைப் போடாதே' என்று கோழியே கொத்தி விரட்டியும் அடங்காதவள். கல்யாணத்தன்று குனிந்திருக்க வேண்டிய நேரத்தில் தலையை நிமிர்த்தி, தாலி கட்ட வந்த குத்தாலத்தை மேலும் கீழும் பார்த்து, "பரவால்ல" என்று பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னவள்.

திறந்தாள். ஆவியோடு சேர்ந்து மணிச்சத்தம் எழும்பி, அடுக்களை ஓட்டைத் தொட்டு, ஓட்டிலிருந்த தூசியையெல்லாம் உதிர்த்துவிட்டு வெளியே போனது. மூன்று வயது மகள் கோமு கைகொட்டிச் சிரித்தாள்.

"எம்மா, இட்லி பாடுது!"

வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்த குத்தாலம், ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரியை ஓட்டுகிறவன், நுரை வாயோடு எட்டிப் பார்த்தான்.

"என்னட்டி அது?"

"வேதக்கோயில் மணிங்க."

"கோயில் அங்கல்லா இருக்கு?"

"மணி இங்கல்லா இருக்கு."

"சரி, இட்லி வெந்துட்டா?"

வேகவில்லை. அந்த ஈடு ஆட்டுக்குப் போயிற்று.

குளத்துக்கு மேற்கே கோயில் தெருவில் பதின்மூன்று வீடுகள். அங்கே ஆராதனைக்கு மூன்று மணி அடிப்பது பாட்டன் காலத்து வழக்கம். முதல் மணிக்குக் குளிக்க வேண்டும், இரண்டாம் மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும், மூன்றாம் மணிக்கு உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்கு மணி கேட்காததால் பதின்மூன்று வீட்டாரும் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்தே இருந்தார்கள். கோயிலில் உபதேசியார் ஞானதுரை வெறும் பாய்களுக்கு முன்னால் நின்று இருமிக்கொண்டிருந்தார். மணி அடித்து, பாய் விரித்து, விளக்குத் துடைக்கிற ஆளுக்கு அந்தப் பக்கத்தில் கோயில்குட்டி என்று பெயர். முப்பத்தெட்டு வயதாகியும் இரண்டு பிள்ளை பெற்றும் இன்னும் குட்டியாகவே இருந்த தங்கையா, கை கொப்புளிக்கக் கொப்புளிக்க இழுத்தான். மணி ஆடியது, நாக்கு மோதியது, சத்தம் இல்லை.

தங்கையாவின் பெண்டாட்டி ஜெபக்கனி இட்லி வாங்கத் தூக்குவாளியோடு கீழத்தெருவுக்கு வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அவள் கண்ணெதிரே பானைக்குள் இரண்டாம் மணி அடித்தது.

"அடிப்பாவி! எங்க மணியை நீயா வச்சிருக்கே?"

"நான் எங்க வச்சேன்? அதுவா வந்து உக்காந்திருக்கு. வேணும்னா எடுத்துட்டுப் போக்கா."

ஜெபக்கனியும் லேசுப்பட்டவள் இல்லை. தூக்குவாளியைப் பானை வாயருகே பிடித்து, சத்தத்தை ஒரு சொட்டு சிந்தாமல் ஏந்தி, மூடியை அழுத்தி மூடி, குளத்தங்கரையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். கோயிலில் எல்லார் முன்னாலும் திறந்தபோது நான்கு இட்லியும் கொஞ்சம் தேங்காய்ச் சட்னியும்தான் இருந்தன.

மறு ஞாயிறு கோயில் கமிட்டி கூடி, பானையையே கேட்டு வாங்கி, இரண்டு பேர் சுமந்து கோபுரத்துக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். பானை வாயைத் திறக்கவில்லை. அதே நேரம் வீட்டில் முப்பிடாதி பால் சட்டியை ஒரு தட்டால் மூடினாள், சட்டிக்குள் மணி அடித்தது. ஆக, பானையில் ஒன்றுமில்லை, அவள் கை எதை மூடுகிறதோ அதற்குள்தான் சத்தம் வருகிறது என்று தெரிந்துபோய், பானையைப் புளி போட்டு விளக்கி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஊர் தன் வழியில் அதைச் சரிக்கட்டிக்கொண்டது. முதல் மணி பானையில் அடித்ததும் முப்பிடாதி மொட்டைமாடிக் கொடியில் மஞ்சள் சேலையைப் போடுவாள், இரண்டாம் மணிக்குப் பச்சைச் சேலை. குளத்துக்கு அந்தப் பக்கம் தங்கையா அதைப் பார்த்துத் தெருவுக்குச் சொல்லிக்கொண்டு போவான். கொஞ்ச நாளில் மஞ்சள் சேலையைப் பார்த்துத்தான் டீக்கடையில் இரண்டாம் பால் காய்ச்சினார்கள், பச்சைச் சேலை ஏறியதும்தான் மினி பஸ்காரன் விசிலடித்தான். சேலை வெளுத்துப்போனபோது ஊர்ப்பொதுவில் இரண்டு புதுச்சேலை எடுத்துக் கொடுத்தார்கள். டவுனிலிருந்து ஒருவர் வந்து போனில் பதிவு செய்தார். போட்டுக் கேட்டால், ஆவி சீறுகிற சத்தமும், நடுவில் கோமு "எம்மா, ஆய் வருது" என்று சொல்வதும்தான் தெளிவாகக் கேட்டது.

மூன்றாம் மணிதான் யாருக்கும் பிடிபடவில்லை. தங்கையா சத்தியம் செய்து இழுத்தான். அது கோபுரத்திலும் கேட்கவில்லை, பானையிலும் கேட்கவில்லை. போன இடம் தெரியாமல் ஒரு மணிச்சத்தம் ஞாயிறுதோறும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

ஊரெல்லாம் 'எத்தனை மணிக்கு' என்று கேட்டுக்கொண்டிருக்க, முப்பிடாதி மட்டும் 'எதுக்கு' என்று கேட்டாள்.

"ஏக்கா, உங்க சாமிக்கு பதிமூணு வீடு இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு எதுக்கு என் பானைக்கு வாரார்?"

"அவர் குணமே அப்படித்தான்ட்டி. இயேசுசாமி கூப்பிட்ட வீட்டுக்கும் போவார், கூப்பிடாத வீட்டுக்கும் போவார்" என்றாள் ஜெபக்கனி.

அவ்வளவு போதும், முப்பிடாதி பிடித்துக்கொண்டாள். எந்த வீட்டுக்குப் போனார், என்ன சாப்பிட்டார், அந்த வீட்டுப் பொம்பளை என்ன சொன்னாள்? இப்படியாக ஒவ்வொரு ஞாயிறும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில், இரண்டு ஈடு இட்லி வேகிற அந்த அரைமணி நேரத்தில், ஜெபக்கனி அடுப்புக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து கதை சொல்லுவாள். கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்துபோய், மாப்பிள்ளை வீட்டார் மானம் போக இருந்தபோது ஜாடித் தண்ணீரையே அவர் ரசமாக்கின கதை. ஊரே ஒதுக்கி வைத்தவனோடு உட்கார்ந்து சாப்பிட்ட கதை. செத்துப்போன பிள்ளையின் கையைப் பிடித்து எழுப்பி, 'முதல்ல இதுக்குச் சாப்பிட ஏதாச்சும் குடுங்க' என்று சொன்ன கதை. அதைக் கேட்டு முப்பிடாதி கரண்டியை வைத்துவிட்டு, "இது ஒரு பிள்ளையைப் பெத்தவ சொல்லுத பேச்சுல்லா" என்றாள். நல்ல இடம் வரும்போது சொல்லிவைத்த மாதிரி பானைக்குள் இரண்டாம் மணி அடிக்கும். ஜெபக்கனி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள்.

மீதிக் கதைக்கு முப்பிடாதி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். மாவாட்டும்போதும், கோமுவுக்குத் தலை பின்னும்போதும், அறுந்த இடத்திலிருந்து அவளுக்குக் கேள்வியாய் முளைக்கும். அதை ஜெபக்கனியிடம் கேட்பாள், ஜெபக்கனி தனக்குத் தெரியாததை உபதேசியாரிடம் கொண்டுபோவாள். "கல்யாண வீட்டுல தண்ணி கோரி ஊத்தின வேலைக்காரங்களுக்கு மட்டும் விசயம் தெரியும்ங்கியே, அவங்க எப்படிக்கா சிரிக்காம பரிமாறினாங்க?" இருபது வருஷமாக உபதேசம் பண்ணும் ஞானதுரையிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். ஆராதனை முடிந்ததும் செருப்பைத் தேடுகிற சனம், 'கீழத்தெருக்காரி இன்னைக்கு என்ன கேட்டாளாம்' என்று தங்கி நிற்க ஆரம்பித்தது. கேட்டுக் கேட்டுப் பழகி அவர்களுக்குக் காதில் ஏறாமல் போயிருந்த கதைகள், குளத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கேள்விகளால் மறுபடி சூடாயின.

இப்படியே ஐப்பசி போய், கார்த்திகை போய், மார்கழி வந்தது. ஒரு ஞாயிறு ஜெபக்கனி சிரிப்பில்லாமல் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குச் சொன்னது கொலைக்கதை. அவரைப் பிடித்தார்கள், அடித்தார்கள், ஆணியடித்து மரத்தில் தொங்கவிட்டார்கள். முப்பிடாதிக்கு அழுகை வந்து, சட்னியில் உப்புப் போட்டோமா என்பதே மறந்துபோனது.

"பொறவு இறக்கி, ஒரு குகையில வச்சு, இந்தா பெரிய கல்லை உருட்டி வாசலை மூடிட்டாங்க."

முப்பிடாதி நிமிர்ந்தாள். "மூடிட்டாங்களா?"

"மூடி, முத்திரையும் வச்சு, காவலும் போட்டாச்சு."

"யாரும் திறந்து பார்க்கலையா?"

டாங்.

"ஏக்கா! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ!"

"மூணாம் மணிக்கு நேரமாச்சுடி!" தூக்குவாளி குலுங்க ஜெபக்கனி கரையில் ஓடிக்கொண்டிருந்தாள். அன்று மத்தியானமே தங்கச்சியின் பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அந்த ஒரு வாரம் முப்பிடாதி பட்ட பாட்டை எழுதி முடியாது. வீட்டில் மூடியிருந்த எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். அரிசிப் பானையில் அரிசி இருந்தது, உப்புச் சாடியில் உப்பு இருந்தது. ஒரு கல் மட்டும் கண்ணுக்குள் உருண்டுகொண்டே இருந்தது. தங்கையாவை வழிமறித்துக் கேட்டாள்.

"கோயில்குட்டி அண்ணாச்சி, அந்தக் கல்லை யாரும் திறந்தாங்களா?"

"தாயி, நான் மணி அடிக்கிற ஆளு. கதையெல்லாம் அவ டிபார்ட்மெண்டு. நான் ஏதாச்சும் தப்பாச் சொன்னா அவ வந்து என்னை உரிச்சிருவா. நீ கோயிலுக்கு வந்து கேளேன்."

கோயிலுக்கு வருவதுதான் லேசில்லை. முப்பிடாதியின் வீட்டில் குத்தாலத்தின் அக்கா ஆவுடை சொல்வதுதான் சட்டம். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு எட்டு வயசுத் தம்பியைத் தாயாக நின்று வளர்த்தவள், அவனுக்காகவே கல்யாணம் வேண்டாமென்று இருந்தவள். பானையில் மணி அடிப்பதை அவள் ஒன்றும் சொல்லவில்லை. சத்தம் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் முப்பிடாதி மெல்லப் பேச்சை எடுத்தபோது, அடுக்களையிலிருந்து ஆவுடை வெளியே வந்தாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு போய்க் கேட்டுட்டு வந்துரட்டுமா?" என்றுதான் முப்பிடாதி கேட்டிருந்தாள்.

"கேக்கப் போனவ கேட்டதோட வருவாளா?" என்றாள் ஆவுடை. "இன்னா பாரு முப்பிடாதி. அந்தக் கோயில் படியை மிதிச்ச காலு இந்த வீட்டுப் படியை மிதிக்க வேண்டாம். சொல்லிட்டேன்."

"அது என்ன மைனி அப்படிச் சொல்லுதீக? நான் தெரிஞ்சுக்கத்தானே கேக்கேன்."

"தெரிஞ்சு நீ என்ன கலெக்டராவா ஆகப்போறே?"

முப்பிடாதி புருஷனைப் பார்த்தாள். குத்தாலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு, அக்காளுக்குக் கேட்காத குரலில், ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"ஒரே வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம். உன்னை மட்டும் ஒருத்தர் வந்து கூப்பிடுதார்னா, அப்ப நான் யாருட்டி?"

ஆவுடையின் சொல்லுக்கு அவன் மறுசொல் சொல்லாததுதான் அவளுக்கு வலித்தது. கல்லை நினைத்தால் வீடு போகும், வீட்டை நினைத்தால் கல் நெஞ்சிலேயே கிடக்கும்.

ஞாயிறு வந்தது. மஞ்சள் சேலை ஏறியது, ஜெபக்கனி உட்காரும் கல் வெறுமையாகக் கிடந்தது, அவள் வரவில்லை. பச்சைச் சேலை ஏறியது. முப்பிடாதி கொடியடியில் நின்று குளத்தைப் பார்த்தாள். பிறகு கீழே இறங்கி, அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தணித்து, வெந்தும் வேகாத இட்லியை மூடியபடியே விட்டுவிட்டு, கோமுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாசலில் ஆவுடை நின்றாள். லாரி கழுவிக்கொண்டிருந்த குத்தாலம் திரும்பிப் பார்த்தான். அவன் கை வாளியிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் காலையே நனைத்துக்கொண்டிருந்தது.

குளத்தங்கரை நூற்றைம்பது அடிதான். பாதியில், திரும்பிவிடலாம் என்று நின்றாள். "எம்மா, கல்லு பாக்கப் போலியா?" என்றாள் கோமு. அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறாள். நடந்தாள். படியில் செருப்பைக் கழற்றி, வலதுகாலை வைத்து உள்ளே போய், பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்கார்ந்தாள்.

அப்போது தங்கையா வழக்கம்போல நம்பிக்கையில்லாமல் மூன்றாம் மணிக் கயிற்றை இழுத்தான்.

மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த சத்தமெல்லாம் ஒன்றாகக் கொட்டியது. கோபுரத்துப் புறாக்கள் மொத்தமாக எழும்பின, குளத்தில் வட்டம் வட்டமாக அலை ஓடியது, பதின்மூன்று வீட்டாரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தங்கையா கயிற்றோடு கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே, "அடிச்சிட்டு! அடிச்சிட்டு!" என்று கத்தினான். சத்தம் அடங்கியதும் உபதேசியார் தொண்டையைக் கனைத்து, அன்றைக்குரிய பாகத்தை வாசிக்கப் புத்தகத்தை விரித்தார். முப்பிடாதி பள்ளிக்கூடத்தில் செய்வதுபோல் கையைத் தூக்கினாள்.

"ஐயா, அந்தக் கல்லைத் திறந்து பார்த்தாங்களா, இல்லியா?"

கோயில் முழுதும் திரும்பிப் பார்த்தது. ஞானதுரை விரித்த பக்கத்தை மூடி, வேறு பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"பார்த்தாங்கம்மா. பொம்பளைங்கதான் போனாங்க. விடியற்காலையில. போகும்போதே கல்லை யார் புரட்டுவான்னு கவலைப்பட்டுக்கிட்டே போனாங்க. போய்ப் பார்த்தா கல்லு புரண்டு கிடக்கு."

"உள்ள?"

"உள்ள ஒண்ணுமில்லை."

முப்பிடாதி தன் வாழ்நாளில் எத்தனையோ மூடியைத் திறந்திருக்கிறாள். திறந்த எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று இருந்தது, பாம்போ, முட்டையோ, உப்போ. பார்த்த உடனே ஆசை தீர்ந்து மூடிவிடுவாள். திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை என்பதும், அந்த ஒன்றுமில்லாததுதான் சேதி என்பதும், அதைப் பார்த்த பிறகு மறுபடி மூட முடியாது என்பதும் அவளுக்கு இதுதான் முதல் தடவை.

"அப்ப அவர் எங்க?"

"வெளிய, தோட்டத்துல நின்னுக்கிட்டிருந்தார். அழுதுக்கிட்டு நின்ன ஒரு பொம்பளை அவரைத் தோட்டக்காரர்னு நினைச்சா. அவர் அவ பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். உடனே தெரிஞ்சுக்கிட்டா."

கோமு மடியில் கிடந்து கூரைக் கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பிடாதிக்குக் கண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. கூப்பிட்டால் வராதவளை, திட்டிக் கூப்பிட்டாலும் வராதவளை, அவள் எதைக் கண்டால் எட்டிப்பார்க்காமல் இருக்க மாட்டாள் என்று தெரிந்துவைத்து, அதற்குள்ளேயே வந்து உட்கார்ந்து, வாரம் வாரமாய்ப் பொறுமையாய்க் கூப்பிட்டவர் செத்தவராக இருக்க முடியாது என்று அவள் கணக்கு அவளுக்குச் சொன்னது. "சரி, வந்துட்டேன்" என்றாள், பக்கத்துப் பாயில் இருந்தவளுக்குக் கேட்கிற அளவுக்கு. அவளுடைய முதல் ஜெபம் அதுதான்.

திரும்பி வரும்போது வீட்டுப் படியில் ஆவுடை நின்றாள். முப்பிடாதி படிக்குக் கீழே நின்றாள்.

"சொன்னது நெனைப்பிருக்கா?"

"இருக்கு மைனி. கேட்டுட்டு வந்துட்டேன். கேட்டதோட நிக்கல, நம்பிட்டும் வந்துட்டேன். உங்ககிட்ட மறைச்சு இந்தப் படியை மிதிக்க மாட்டேன். இது என் வீடு, நீங்க என் மனுசி, அதுல ஒண்ணும் மாறல. இனி நீங்கதான் சொல்லணும்."

ஆவுடை சொல்ல வாயெடுப்பதற்குள் குத்தாலம் லாரிக்குப் பின்னாலிருந்து வந்தான். அக்காளையும் பார்க்காமல் பெண்டாட்டியையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"அந்தக் கல்லு என்னாச்சுட்டி?"

"எந்தக் கல்லு?"

"என்னமோ தெரியாதவ மாதிரி. வாரா வாரம் நான் வாசல்ல ஒருமணி நேரம் பல்லா தேய்ச்சேன்? பல்லு தேஞ்சதுதான் மிச்சம். இந்த ஒரு வாரமா எனக்கும் தூக்கம் இல்லை."

முப்பிடாதி அவனையே பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்ப நான் யாருன்னு கேட்டீகளே, உங்களையும்தான் கூப்பிட்டிருக்கு" என்று சொல்லி, படியை மிதிக்காமல், அதற்குக் கீழே தரையில் உட்கார்ந்து, ஆரம்பித்தாள். குத்தாலம் வாளியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். ஆவுடை விருட்டென்று உள்ளே போய் முறத்தை எடுத்துக்கொண்டாள். கல்லை யார் புரட்டுவார் என்று கவலைப்பட்டுக்கொண்டே போன பொம்பளைகளை அவள் சொன்ன விதத்தில், அவர்கள் ஈச்சங்குடிக் குளத்தங்கரையில் நடப்பதுபோலவே இருந்தது.

தண்ணீர் லாரி கிளம்பவில்லை. பத்து மணிக்கு, 'எங்கய்யா போனான் இவன்' என்று பிளாஸ்டிக் குடங்களோடு சண்டைக்கு வந்த பெண்கள், வந்த வேகத்தில் இரண்டு வார்த்தை காதில் விழுந்து, குடத்தை இறக்கி வைத்து, குடத்தின் மேலேயே உட்கார்ந்தார்கள். முப்பிடாதி தோட்டத்துக்கு வந்துவிட்டாள். அழுகிற பொம்பளை நிற்கிறாள், பின்னாலிருந்து யாரோ கேட்கிறார், எதுக்கும்மா அழுறே என்று. அந்த இடத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைக்க நிறுத்திவிட்டாள்.

கதவுக்கு உள்ளே, முதுகைத் திருப்பிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஆவுடையின் கை நின்றது.

"அப்புறம்?" என்றாள் ஆவுடை, திரும்பாமலேயே.

யாரும் பதில் சொல்லாததால் அவளுக்கு எரிச்சல் வந்தது. முறத்தை ஓரமாக நகர்த்தி வைத்து, பக்கத்தில் ஒரு ஆள் உட்காரத் தரையைக் கையால் தட்டித் துடைத்தாள்.

"அங்க உக்காந்து முணுமுணுத்தா எனக்கு என்ன கேக்கும்? பிள்ளைக்கு வெயில் வேற அடிக்குது. ஏந்திருச்சு உள்ள வந்து சொல்லுட்டி."